ஏரியிற் பெரிய மீன் பிடித்தல்: இரையும் தூண்டில் கட்டும் முறையும்

திருத்தணியைச் சுற்றியுள்ள ஏரிகளில் மீன் குஞ்சு விட்டு வளர்ப்பவர்களிடையே அடிக்கடி கேட்கப்படும் குறை ஒன்றுண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பியதும் பணம் கொடுத்துக் குஞ்சு வாங்கி விடுகிறார்கள். கோடையில் நீர் வற்றி வலை இழுக்கும்போதோ, கட்லாவும் ரோகுவும் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே அகப்படுகின்றன. குஞ்சு சொத்தை என்றும், விற்றவர் எண்ணிக்கையிற் குறைத்துவிட்டார் என்றும் பழி சொல்லப்படுகிறது. சிற்சில சமயங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் பெரும்பாலும் குற்றவாளி ஏரிக்குள்ளேயே இருக்கிறது. மதகையடுத்த மடுவில் ஆண்டு முழுதும் தங்கியிருக்கும் வாளையும், அல்லிக்கொடிகளின் கீழ் பதுங்கியிருக்கும் விராலும், புதிதாக விடப்பட்ட குஞ்சுகளைத் தங்களுக்கென்று வைத்த விருந்தாகவே கொள்ளுகின்றன.

சிறு குட்டையாயின் குஞ்சு விடுமுன் இலுப்பைப் பிண்ணாக்கிட்டு வேண்டாத மீன்களை ஒழிப்பது வழக்கமான முறை. ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் நீர்ப்பரப்புக்கு அதற்கு 2,500 கிலோ வரை வேண்டும். நஞ்சு தணிய இரண்டு மூன்று வாரங்களாகும். நூறு ஏக்கர் ஏரிக்கு இது ஆகக்கூடிய காரியமன்று. கால்நடைகள் குடிக்கும் தண்ணீரில் இதைச் செய்யவும் கூடாது. வலையோ, கருவேல முட்களும் பாறைகளும் நிறைந்த மடுவிற் கிழிந்துபோகும். ஆகவே இத்தகைய இடங்களிற் பெரிய மீன்களைப் பொறுக்கி எடுப்பதற்குத் தூண்டிலே தக்க கருவியாகிறது. அதைப் பொழுதுபோக்கென்று எண்ணி இகழ்பவர்கள், அரைகுறையாகக் கட்டிய தூண்டிலைப் போட்டுவிட்டு ஏரியில் மீனில்லை என்று திரும்பியவர்களாகவே இருப்பர்.

சென்னை மாகாணத்து ஏரிகளில் தூண்டில் போடுவதைப்பற்றி முறையாக ஆராய்ந்து எழுதியவர்களுள் ஹென்றி சல்லிவன் தாமஸ் என்னும் சிவில் அதிகாரி முக்கியமானவர். ஆற்று மீன்களைப்பற்றி 1873-லும், ஏரி மீன்களைப்பற்றித் தனியாக 1887-லும் நூல்கள் வெளியிட்டார். அக்காலத்தில் நைலான் நரம்பு கிடையாது. இன்று அரை மில்லிமீட்டர் கனமுள்ள நரம்பு எந்தச் சிறு பட்டணத்துக் கடையிலும் கிடைக்கிறது. கருவி மலிந்துவிட்டது, ஆனால் இன்ன மீனுக்கு இன்ன இரை, இன்ன கட்டு என்னும் அறிவு அதனுடன் சேர்ந்து பரவவில்லை.

முதலில் வாளையைக் கவனிக்க வேண்டும். எல்லைக்கு அப்பால் தெலுங்கர் இதனை 'வாலுக' என்பர். நன்னீர்ச் சுறா என்று ஆங்கிலேயர் இதற்குப் பட்டம் சூட்டியதும் காரணத்தோடுதான். வாய் கண்ணைத் தாண்டிப் பிளந்திருக்கும். தாடைகளில் நுண்ணிய பற்கள் பட்டையாக அடர்ந்திருக்கும். கண் சிறிது, மீசையும் மோப்பமுமே அதற்கு வழிகாட்டிகள். பகலில் மடுவின் அடியிற் கிடந்து, பொழுது சாய்ந்தபின் கரையோரம் மேய வரும். ஆகையால் இரை மணமுள்ளதாயிருத்தல் வேண்டும். அவ்வேரியிலேயே பிடித்த கெண்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து வைப்பது முதல் தரம். அது கிடையாதபோது கோழிக்குடல் உதவும். ஆனால் ஆமையும் நண்டும் அதை விரைவில் தின்றுவிடுவதால், மெல்லிய நூலால் முள்ளோடு சுற்றிக் கட்ட வேண்டும். உயிருள்ள கெண்டையை இரையாக்குவோர், முதுகுச் செதிலின் கீழ், நடுமுள்ளிற் படாமல் தோலையும் சிறிது சதையையுமே கோத்தல் நலம். நடுமுள்ளிற் குத்தப்பட்ட கெண்டை சில நிமிஷங்களில் இறந்துவிடும்.

கட்டும் முறையிலேதான் அநேகர் தவறுகிறார்கள். ஈயக்குண்டை நரம்பில் இறுகக் கட்டிவிட்டால், வாளை இரையைக் கவ்வி நகரத் தொடங்கியவுடன் குண்டின் பாரத்தை உணர்ந்து உமிழ்ந்துவிடும். குண்டு நரம்பின்மேல் தடையின்றி ஓட வேண்டும். நடுவே துளையுள்ள குண்டில் நரம்பை நுழைத்து, அதன் கீழ் ஒரு சுழல்வளையத்தைக் கட்டி, வளையத்தின் மறுபுறத்தில் ஒன்றரை அடி நீளமுள்ள பல கம்பிகள் முறுக்கிய எஃகிழையையோ, தடித்த நரம்பையோ இணைத்து, அதன் நுனியில் முள்ளை வைக்க வேண்டும். குண்டு தரையிற் கிடக்கும். மீன் இழுக்கும்போது நரம்பு மட்டும் துளை வழியே ஓடும். மீனுக்குச் சந்தேகம் எழாது. ஈயம் நீருக்குக் கேடாகையால் வண்டிப் பட்டறையில் வீணாகக் கிடக்கும் இரும்பு மரைகளை உபயோகித்தல் நன்று. அவற்றிற்குத் துளை இயற்கையாகவே அமைந்திருக்கிறது, செலவும் இல்லை.

இம்முறை கடற்கரையிலிருந்து வந்ததே. கொற்றலையாறு எண்ணூரிற் கடலோடு கலக்கும் முகத்துவாரத்திலும், பழவேற்காட்டுக் கரையிலும், கொடுவா, காலா, பாறை முதலிய பெரிய மீன்களுக்குக் கரையிலிருந்து தூண்டில் வீசுவோர் இவ்வாறு ஓடும் குண்டையே கட்டுகின்றனர். இரைக்கு உயிருள்ள மடவையைக் கோப்பர். அங்கே அலை இழுத்துச் செல்லாதிருக்க 100 கிராமுக்கு மேற்பட்ட குண்டு வேண்டியிருக்கிறது. ஏரியில் அலையில்லை, 20 அல்லது 30 கிராம் போதும். அதற்குமேல் கனத்தால் சேற்றில் புதைந்து, ஓட வேண்டிய நரம்பு ஓடாமற்போகும். கடற்கரைக்குச் சென்று பார்த்துவந்து அங்குள்ள குண்டையே வாங்கி ஏரியில் எறிபவர்கள் இந்த வேற்றுமையை உணர்வதில்லை.

முள்ளின் எண்களிலும் குழப்பம் உண்டு. 10, 8, 6 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும். 1-க்கு அப்பால் 1/0, 2/0 என்று ஏற ஏறப் பெரிதாகும். வாளைக்கு 4/0 முதல் 6/0 வரையும், விராலுக்கு 1/0 முதல் 3/0 வரையும் பொருந்தும். இரவில் நட்டுவைத்துக் காலையில் எடுக்கும் தூண்டில்களுக்கு, நுனி உட்புறமாக வளைந்த வட்ட முள் மிகவும் ஏற்றது. மீன் அதை விழுங்கினாலும், திரும்பி நீந்தும்போது முள் நழுவி வந்து கடைவாயில் தானே மாட்டிக்கொள்ளும். கையிற் பிடித்து மீன் பிடிப்பவர் இம்முள்ளை உபயோகித்தால் வெட்டி இழுக்கலாகாது. நரம்பு மெதுவாக இறுகும்படி விட்டாலே போதும். பழக்கமுள்ளவர்களுக்குத்தான் இது கடினம். கை தானாகவே வெட்டிவிடும்.

விராலின் குணம் வேறு. தெலுங்கிற் 'கொர்ரமீனு' என்று பேர்பெற்ற இம்மீன் மேலே வந்து காற்றை உட்கொண்டு போவது. நீர் வற்றினாலும் ஈரச்சேற்றிற் சிலகாலம் பிழைத்திருக்கும். ஏரி காய்ந்துவிட்டது, இனிக் கேடில்லை என்று நம்பிக் குஞ்சு விட்டவர்கள் ஏமாறுவது இதனாலேயே. இதற்குக் குண்டு வேண்டாம். நீரின் மேற்பரப்பில், கொடிகளின் இடைவெளியில், உயிரிரை துடிக்க வேண்டும். பரம்பரையாகத் தவளையைக் கோத்துவந்தனர். தவளையோ நெல்வயலிற் பூச்சிகளைத் தின்று பயிரைக் காப்பது. அதன் தொடைக்காகப் பிடித்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதை இந்திய அரசாங்கம் 1987-ல் தடை செய்தது. ஏரி மீனுக்காக வயலின் காவலாளைக் கொல்லுவது லாபக் கணக்காகாது. இப்போது ரப்பரினாற் செய்த தவளைகள் கடைகளிற் கிடைக்கின்றன. முள் மேல்நோக்கி உடலோடு ஒட்டியிருப்பதால் கொடியில் மாட்டுவதில்லை. அதை அல்லியிலைமேல் எறிந்து, நீரில் வழுக்கி விழும்படி சிறுகச்சிறுக இழுத்துவந்தால் விரால் பாய்ந்து கவ்வும். கவ்வியவுடன் இழுத்தால் தப்பிவிடும். மூன்றெண்ணும் நேரம் பொறுத்து வெட்ட வேண்டும்.

விரால் குஞ்சு பொரித்தபின் தாயும் தந்தையும் கூடவே இருந்து காக்கும். செந்நிறக் குஞ்சுகள் திரளாக மேலெழுந்து மூழ்குவதைக் கரையிலிருந்தே காணலாம். அத்திரளின் அருகில் எது விழுந்தாலும் பெரிய மீன் சீறிப் பாயுமாதலால், அச்சமயத்தில் அதைப் பிடிப்பது மிக எளிது. கட்லா வளர்க்கும் ஏரியாயின் அதை எடுத்துவிடலாம்; திரளையும் துணியால் வடித்து எடுத்து, விரால் மட்டும் வளர்க்கும் தனிக் குட்டையில் விடலாம். கட்லா விடாத ஏரியாயின், தாயைப் பிடித்தவர் நூற்றுக்கணக்கான குஞ்சுகளைப் பிற மீன்களுக்குத் தானமாக்கியவர் ஆவார். விரால் கட்லாவைவிட அதிக விலைக்குப் போவது என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

வாளையைப்பற்றியும் ஒரு வார்த்தை. உலக அளவில் இம்மீன் அருகிவரும் இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறது. கொற்றலையாற்றிலும் நந்தியாற்று மடுக்களிலும் உள்ளதைத் துரத்திப் பிடிக்க வேண்டுமென்பது இங்கே சொல்லப்படுவதன்று. குஞ்சு விடப்படும் ஏரியில், குஞ்சு விடுமுன், அதை எடுப்பதே கருத்து.

தூண்டிலால் ஏரியை முற்றிலும் சுத்தம் செய்துவிடலாமென்று எண்ணுவதும் தவறு. எஞ்சிய மீன்கள் இருந்தே தீரும். ஆகையால் விடும் குஞ்சு நான்கு அங்குலத்திற்குக் குறையாதிருத்தல் வேண்டும். ஒரு அங்குலக் குஞ்சை ஆயிரக்கணக்கில் மலிவாக வாங்கி விடுவதைவிட, வளர்ந்த குஞ்சைக் குறைவாக வாங்குவதே சிக்கனம். பெரிய வாளைகளைத் தூண்டிலால் எடுத்தபின், நான்கு அங்குலக் குஞ்சை விழுங்கத்தக்க வாய்கள் ஏரியிற் சிலவே மிஞ்சும். இரண்டும் சேர்ந்தால்தான் பலன்.

வளர்ந்த கட்லாவையும் ரோகுவையும் கோடைக்குமுன் வேண்டியபோது ஒன்றிரண்டாக எடுக்கவும் தூண்டில் உதவும். இவற்றுக்கு இறைச்சி ஆகாது. வறுத்த கடலைப் பிண்ணாக்கும் தவிடும் சமபாகம் சேர்த்து, சிறிது வெல்லமும் மைதாவும் கூட்டிப் பிசைந்த உருண்டையே போதும். வேர்க்கடலையும் கரும்பும் விளையும் இப்பக்கத்தில் இதற்குக் கடைக்குச் செல்ல வேண்டியதில்லை. ஒரே இடத்தில், ஒரே வேளையில், மூன்று நாள் இவ்வுருண்டைகளை வெறுமனே எறிந்து பழக்கி, நான்காம் நாள் முள் வைத்தால் மீன் கூடியிருக்கும். கட்லாவின் வாய் மேல்நோக்கியது. நடுநீரிலும் மேல்நீரிலும் நுண்ணுயிர்களை வடித்துத் தின்னும். எனவே அதற்குத் தக்கை கட்டி இரையை நடுநீரில் தொங்கவிட வேண்டும்; உருண்டை சற்று இளகி நீரிற் புகைபோற் கரைவதே அதை இழுக்கும். மிர்காலோ அடியில் மேய்வது. அதற்கு ஓடும் குண்டே சரி. முள் சிறிதாக, 4 அல்லது 2 எண் அளவில் இருக்கட்டும். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிட்டால், விலைக்காகாத சிறு மீனைக் காயமின்றித் திரும்ப விடலாம்.

முடிச்சு இறுக்குமுன் நரம்பை எச்சிலால் நனைக்க வேண்டும். உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வின் சூட்டில் நைலான் வலுவிழந்து, பெரிய மீனின் முதல் இழுப்பில் முடிச்சிலேயே அறும். இரைக்கென்று வேறு ஏரியிலிருந்து உயிர்மீன் கொண்டுவருவது கூடவே கூடாது. 1952-ல் இந்தியாவுக்குள் வந்த ஜிலேபிக் கெண்டை இன்று எந்தக் குட்டையிலும் இருப்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும். தடைசெய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் இவ்வாறு ஒரு குடத்துத் தண்ணீரில் வந்து சேரக்கூடும்.

ஊராட்சித் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் மீன்பாசி ஏலத்தின்போது இவ்விஷயத்தைக் கவனித்தல் நலம். குத்தகை எடுத்தவருக்கே மீனில் உரிமை. அவர் சம்மதமின்றித் தூண்டில் போடுவது வீண் வழக்குக்கு வழி. குஞ்சு விடுமுன் இத்தனை நாள் தூண்டிலிட அனுமதி என்று ஏலம் விடும்போதே எழுதிக்கொண்டால் தகராறு எழாது. வெடியும் நஞ்சும் 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்தின்படியே குற்றம். காக்காய்க்கொல்லி விதையை அரைத்துப் போடும் பழைய வழக்கம் எங்கேனும் தலைகாட்டினால் உடனே தடுக்க வேண்டும். அது வாளையையும் கெண்டையையும் வேறுபடுத்தி அறியாது. திருத்தணி மலையடிவாரத்துச் சரவணப் பொய்கை போன்ற கோயில் குளங்கள் இக்கட்டுரையின் எல்லைக்குள் வருவன அல்ல என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிடித்த மீனை விற்பதற்கு நாள் பார்ப்பதும் அவசியம். கிருத்திகை விரதமிருப்போர் மிகுந்த ஊராகையால், அன்று எடுத்த மீன் தேங்கும். வாளை இறந்தபின் விரைவிற் கெடும். விடியுமுன் எடுத்து, குடலை நீக்கி, பனிக்கட்டியில் வைத்துக் காலைச் சந்தைக்கே அனுப்பிவிட வேண்டும். விராலுக்கு இந்த அவசரமில்லை. வாய் குறுகிய பானையில் நான்கு விரல் நீரூற்றி, மேலே காற்றுக்கு இடம் விட்டு, ஈரத்துணியால் மூடிக் கட்டினால் மறுநாள்வரை உயிரோடிருக்கும். உயிர்மீனாக விற்றால் விலையும் கூடுதலாகவே கிடைக்கும்.