சிறையிலிருந்து வீடு திரும்பும் உறவு... முதல் இரண்டு வாரம் ஏன் அவ்வளவு முக்கியம்?

கோவை மத்தியச் சிறையை விட்டு வெளியே வந்தால் காந்திபுரம். உக்கடம் போய் பஸ் பிடித்தால் பொள்ளாச்சி, உடுமலை வழியாக அமராவதி நகர் வந்துவிடலாம். ஆனால், குடிக்கோ போதை மருந்துக்கோ அடிமையாகி உள்ளே போனவருக்கு அது சுலபமான பயணம் இல்லை. வழியில் டாஸ்மாக் இருக்கும். பழைய கூட்டாளிகள் எதிர்ப்படுவார்கள். ஊர் என்ன பேசுமோ என்ற பயமும் கூடவே வரும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் விடுதலையான 30,000-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வு 2007-ல் வெளியானது. முதல் இரண்டு வாரங்களில் அவர்களுக்கு மரண ஆபத்து, மற்றவர்களைவிட 12 மடங்குக்கும் அதிகம். முதன்மைக் காரணம், அளவு மீறிய போதை மருந்து.

ஏன் இப்படி? சிறையில் இருந்த மாதங்களில், போதையைத் தாங்கும் சக்தியை உடம்பு இழந்துவிடுகிறது. மனசு மட்டும் பழைய அளவையே கேட்கிறது. முன்பு தாங்கிய அதே அளவு, இப்போது உயிரையே பறிக்கலாம்.

மனநோய்க்கு மருந்து எடுப்பவருக்கு வேறோர் ஆபத்து. உள்ளே வேளை தவறாமல் கிடைத்த மாத்திரை, வெளியே வந்ததும் நின்றுபோகும். தூக்கம் கெடும், நோய் திரும்பும். அதனால், விடுதலையாகும் நாளிலேயே சிறை மருத்துவரின் மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். மாத்திரை தீரும் முன்பே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

சட்டம் தரும் வழி

சிறைவாசிகளுக்கும் மனநல சிகிச்சை கிடைக்க வேண்டும் என்கிறது 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவைப் பலரும் அறிவதில்லை. போதைப்பொருள் பயன்படுத்தியதாகவோ, சிறிதளவு வைத்திருந்ததாகவோ வழக்கில் சிக்கிய போதை அடிமை, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் முழு சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்கு பெற வழியுண்டு.

குடும்பமும் மருந்துதான்

கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். நோயாளியோடு குடும்பத்துக்கும் அங்கே ஆலோசனை உண்டு. 1992-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. அடிமைப் பழக்கம் ஒழுக்கக்கேடு அல்ல, நோய் என்பதே அவர் பணியின் அடிப்படை.

நம் திருப்பூர் வட்டாரத்தில் சனிக்கிழமைதான் சம்பள நாள். பனியன் கம்பெனியில் வேலை கிடைத்தாலும் அந்தச் சாயங்காலம்தான் பெரிய சோதனை. சம்பளத்தை யாரிடம் கொடுப்பது, நேராக எங்கே போவது என்பதை அவரோடு பேசி முன்பே முடிவு செய்யுங்கள். ஒருமுறை சறுக்கினால் 'அவ்வளவுதான்' என்று கைகழுவ வேண்டாம்; மறுநாளே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

மனநல உதவிக்கு 14416, போதை மீட்புக்கு 14446, இலவச சட்ட உதவிக்கு 15100 எண்களை அழைக்கலாம்.

வாசலில் வந்து நிற்பவரிடம் பழைய கணக்கை அன்றைக்கே எடுக்க வேண்டாமே. "வா கண்ணு, சாப்பிட்டியா?" என்று கேட்டுப் பாருங்கள்.