சுகர், பிரஷருக்கு மரத்தக்காளி மருந்தா? மாத்திரையை நிறுத்திடாதீங்க!

ஊட்டி:
ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் போகும் சுற்றுலா பயணிகள் சாலையோர பழக்கடைகளில் முட்டை வடிவில் செக்கச்செவேல்னு ஒரு பழத்தை பார்த்திருப்பார்கள். அதுதான் மரத்தக்காளி. 'இதை சாப்பிட்டா சுகர் குறையும், பிரஷர் இறங்கும்' என்று சொல்லி விற்பதும் உண்டு. இதில் எவ்வளவு உண்மை? விவரம் வருமாறு:-

பிறந்த ஊர் ஆண்டிஸ் மலை

மரத்தக்காளியின் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர். ஈக்வடார், கொலம்பியா, பெரு, பொலிவியா நாடுகளில் பல நூறு ஆண்டுகளாக சாப்பிட்டு வருகிறார்கள். ஈக்வடாரில் இதை மிளகாயோடு அரைத்து, நம்ம ஊர் சட்னி மாதிரி சாப்பாட்டு மேஜையில் வைப்பார்கள். ஜூசும் ரொம்ப பிரபலம்.

நியூசிலாந்து வியாபாரிகள் 1967-ம் ஆண்டு இதற்கு 'டமரில்லோ' என்று புதுப்பெயர் சூட்டினர். சாதாரண தக்காளியோடு குழப்பம் வரக்கூடாது என்பதுதான் காரணம். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு எல்லாம் இதற்கு சொந்தக்கார செடிகள்தான்.

குளிர்ச்சியான மலைப்பகுதி இதற்கு ஒத்துக்கொள்ளும். நட்ட 2 ஆண்டுக்குள் காய்த்து விடும். ஆனால் கடும் உறைபனி விழுந்தால் கருகி விடும். வேர் மேலாக ஓடுவதால் பலத்த காற்றுக்கும் தாங்காது.

என்ன சத்து இருக்கு?

100 கிராம் பழத்தில் வைட்டமின் சி சுமார் 30 மில்லி கிராம், பொட்டாசியம் சுமார் 300 மில்லி கிராம், நார்ச்சத்து 3 கிராம் அளவுக்கு இருக்கிறது. கலோரி 40-ஐ தாண்டாது. வைட்டமின் ஏ தரும் கரோட்டின் சத்து, வைட்டமின் இ ஆகியவையும் உண்டு. சிவப்பு ரகத்தில் விதையை சுற்றி கருஞ்சிவப்பாக இருக்கும் சாற்றில் ஆந்தோசயனின் என்ற நிறச்சத்து அதிகம். நாவல் பழத்துக்கு நிறம் தருவதும் இதே வகை சத்துதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி பெண்களுக்கு தினமும் 65 மில்லி கிராம் வைட்டமின் சி தேவை. 2 மரத்தக்காளி சாப்பிட்டால் கிட்டத்தட்ட பாதி கிடைத்து விடும். கீரை, பயறு சாப்பாட்டோடு சேர்த்து சாப்பிட்டால் அதில் உள்ள இரும்புச்சத்து உடலில் நன்றாக சேரும்.

ஆனால் நம்ம ஊர் கொய்யாவை குறைத்து நினைக்க வேண்டாம். 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லி கிராம் வைட்டமின் சி இருக்கிறது. மரத்தக்காளியை விட பல மடங்கு அதிகம்.

சுகர் குறையுமா?

சர்க்கரை குறைவு, நார்ச்சத்து அதிகம் என்பதால் சுகர் உள்ளவர்கள் அளவாக சாப்பிடலாம். பொட்டாசியம் உடம்பில் உள்ள அதிகப்படி உப்பை வெளியேற்ற உதவும் என்பதால் பிரஷருக்கும் நல்ல உணவு. அவ்வளவுதான். இது மருந்து அல்ல. இதுவரை நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆய்வகத்திலும் எலிகளிடமும் நடந்தவை. பழத்தை நம்பி மாத்திரையை நிறுத்தினால் ஆபத்து நமக்குத்தான்.

யார் உஷாரா இருக்கணும்?

சிறுநீரக கோளாறு உள்ளவர்களுக்கு பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத்துடிப்பை பாதிக்கலாம். பிரஷர் மாத்திரைகளில் சிலவும் பொட்டாசியத்தை கூட்டும். இவர்கள் டாக்டரிடம் கேட்காமல் சாப்பிடக்கூடாது. புளிப்பு அதிகம் என்பதால் அல்சர், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் சாப்பிடாமல் இருப்பது நல்லது.

எப்படி சாப்பிடுவது?

தோல் கசக்கும், சாப்பிட வேண்டாம். பழத்தை 2 ஆக வெட்டி உள்ளே இருக்கும் சதையை ஸ்பூனால் எடுத்து சாப்பிடலாம். கொதிக்கும் வெந்நீரில் 1 நிமிடம் போட்டு எடுத்தால் தோல் சுலபமாக உரிந்து வரும். சிலதில் மணல் மாதிரி சின்ன கல் கடிபடும், எடுத்து போட்டு விடலாம். விதையை துப்ப வேண்டியதில்லை.

காய்ந்த மிளகாய், பூண்டு, உப்பு சேர்த்து அரைத்தால் இட்லி, தோசைக்கு சூப்பர் சட்னி ரெடி. ஜூஸ் போட்டால் சர்க்கரையை அள்ளி கொட்டாதீர்கள். அப்புறம் சத்துக்கு சாப்பிட்ட பழமே சுகரை ஏற்றி விடும். சாறு துணியில் பட்டால் கறை போகாது, ஜாக்கிரதை.

வாங்கும்போது நன்கு நிறம் ஏறி, அழுத்தினால் லேசாக அமுங்கும் பழமாக பார்த்து வாங்கவும். கெட்டியான காய் துவர்க்கும்.