வியாழனுக்கு ஓர் இரவுக் காவல்

அரியலூர் மாவட்டத்தின் கல்லமேட்டுப் பாறைகளில் டைனோசர் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. அவற்றுக்குப் பின் படிந்த நின்னியூர்ச் சுண்ணாம்புப் பாறைகளின் காலத்தில் டைனோசர்களே இல்லை. இடைப்பட்ட எல்லைக்காலத்தில்தான், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், மெக்சிகோவில் ஒரு சிறுகோள் வந்து மோதியது.

அத்தகைய மோதல்கள் பழங்கதை அல்ல. வியாழனில் இன்றும் நடக்கின்றன. அவற்றைப் பெரும்பாலும் முதலில் கண்டு சொல்பவர்கள், சொந்தக் காசில் தொலைநோக்கி வாங்கிப் படமெடுக்கும் ஆர்வலர்கள்தான்.

2009 ஜூலை 19 இரவு. ஆஸ்திரேலியக் கிராமம் ஒன்றில் ஆண்டனி வெஸ்லி எடுத்த படத்தில், வியாழனின் தென் துருவத்தருகே புதிதாக ஒரு கரும்புள்ளி. கோளோடு சேர்ந்தே அது சுழல்வதைக் கண்டதும் மற்றவர்களுக்குத் தகவல் அனுப்பினார். ஹவாயிலுள்ள நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி அது மோதல் வடுவே என்று உறுதிசெய்தது. சில நாட்களில் ஹபிளும் படமெடுத்தது.

2010 ஜூன் 3-ல் அவருடைய வீடியோவிலேயே வியாழனில் ஓர் ஒளி பளிச்சிட்டு மறைந்தது. பிலிப்பைன்ஸின் செபு நகரில் கிறிஸ்டோபர் கோ எடுத்த வீடியோவிலும் அதே ஒளி இருந்ததால் ஐயம் தீர்ந்தது.

செபு இருப்பது வட அட்சரேகை 10 பாகையில். அரியலூரும் பெரம்பலூரும் 11-ல். இது பெரிய கொடுப்பினை. கோள்கள் நமக்கு உச்சிவானை ஒட்டி வருவதால் காற்றின் கலக்கம் படத்தைக் குறைவாகவே கெடுக்கும். வியாழனோ பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றை முடித்துவிடும். அமெரிக்காவில் பகலாக இருக்கும்போது அதைப் பார்க்க நம் பக்கத்தில் ஆள் வேண்டும்.

அரியலூரின் சிமென்ட் ஆலை விளக்குகள் வெளிறச் செய்யும் வானம் மங்கலான நெபுலாக்களுக்கு ஆகாது. வியாழனுக்கு அது ஒரு தடையே இல்லை. வீடியோ எடுத்து, ஆயிரக்கணக்கான காட்சிகளில் தெளிவானவற்றை மட்டும் கணினியில் பொறுக்கி அடுக்குகிறார்கள். ஓரிரு விநாடி ஒளியைத் தேடித்தர 'டிடெக்ட்' என்ற இலவச மென்பொருளும் உண்டு. 2021 செப்டம்பர் 13-ல் பிரேசிலின் ஜோசே லூயிஸ் பெரேரா அதை ஓடவிட்டுத் தூங்கப்போனார். மோதல் நடந்ததற்கான எச்சரிக்கையைக் காலையில்தான் பார்த்தார்.

வாரணவாசிப் புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு வரும் மாணவர்கள் ஒருகாலத்தில் கடலாய்க் கிடந்த அரியலூரைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அங்கேயே ஒரு நல்ல தொலைநோக்கியும் கேமராவும் வைத்து, தை முதல் சித்திரை வரையிலான தெளிந்த இரவுகளில் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். நேரத்தை விநாடி பிசகாமல் குறித்து அவர்கள் அனுப்பும் வீடியோவை வாங்கிப் பார்க்க உலகில் விஞ்ஞானிகள் இருக்கிறார்கள்.