இன்ஸ்டாலர் எதைக் கேட்க வேண்டும்?

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனைக் கணினியில் நிறுவும்போது, எந்த நாடு என்ற கேள்விக்கு 'இந்தியா' என்று சொன்னால், நேர மண்டலத்தைப் பற்றி அது பேச்சே எடுக்காது. 'அமெரிக்கா' என்று சொல்லிப் பாருங்கள். கிழக்குப் பகுதியா, மத்தியப் பகுதியா, பசிபிக் கரையா என்று விசாரிக்கும். இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம்தானே, கேட்டு என்ன ஆகப்போகிறது?

இயங்குதளத்தை வட்டில் பதித்துத் தரும் மென்பொருளுக்கு இன்ஸ்டாலர் என்று பெயர். அதை எழுதுகிறவர்களுக்குத் தீராத தலைவலி ஒன்று உண்டு. கேள்விகளைக் குறைத்தால் விவரம் தெரிந்தவர் கோபித்துக்கொள்வார். கூட்டினால் புதியவர் பாதியில் எழுந்து போய்விடுவார். 2005 ஜூனில் 'சார்ஜ்' பதிப்போடு வந்த டெபியன் இன்ஸ்டாலர் இதற்குக் கண்ட வழி, என் கணிப்பில், மிகச் சாமர்த்தியமானது. அதில் உள்ள ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு முக்கியத்துவப் படி உண்டு. மொத்தம் நான்கு படிகள். வழக்கமான நிறுவலில் மேல் இரண்டு படிகளில் இருப்பவை மட்டுமே திரைக்கு வரும். மற்றவற்றுக்குப் பொதுவாக எது பொருந்துமோ அந்த விடையைத் தானே வைத்துக்கொண்டு நகர்ந்துவிடும். 'எக்ஸ்பர்ட்' முறையைத் தேர்ந்தெடுத்தால் கடைசிப் படி வரை எல்லாமே வரும். இரண்டு முறைக்கும் நிரல் ஒன்றுதான். இடையில் ஏதாவது கோளாறு என்றால், இன்ஸ்டாலர் தானே ஒரு படி கீழிறங்கி முழு மெனுவையும் காட்டும். அதாவது, சிக்கல் வந்த பிறகுதான் உங்களுக்கு விவரம் தேவைப்படுகிறது என்று அதற்குத் தெரியும்.

எதை மேல் படியில் வைப்பது? கணினியின் பெயரையோ நேரத்தையோ நாளைக்குக்கூட மாற்றிக்கொள்ளலாம். வட்டைப் பிரித்து எழுதுவது அப்படியல்ல. பழைய விண்டோஸும் அதிலிருந்த குடும்பப் படங்களும் ஒரே அழுத்தில் போய்விடும். அதனால் இந்தப் பிரிப்பு (பார்ட்டிஷன்) வேலையை இன்ஸ்டாலர் முதலில் காகிதத்தில் திட்டம் போடுவதுபோல் நினைவகத்திலேயே வைத்துக்கொள்கிறது. பிறகு, மாற்றங்களை வட்டில் எழுதட்டுமா என்று கேட்கிறது. அங்கே முன்கூட்டியே தேர்வாகி இருப்பது 'வேண்டாம்'. எல்லாத் திரையிலும் யோசிக்காமல் என்டர் தட்டிக்கொண்டே வந்தவர் இங்கே தட்டினாலும் ஒன்றும் அழியாது.

ஆனால் அதே இன்ஸ்டாலர் கொஞ்ச நேரம் கழித்து க்னோம், எக்ஸ்எஃப்சிஇ, கேடிஇ, சின்னமன் என்று ஒரு பட்டியலை நீட்டும். எந்த டெஸ்க்டாப், அதாவது திரையின் தோற்றமும் மெனுக்களும் எப்படி இருக்க வேண்டும் என்பது, ஒன்றையுமே பார்த்திராதவரிடம் கேட்கிற கேள்வியா? எதையும் தொடாமல் விட்டாலும் வேலை நடக்கும் என்பது பழகியவருக்குத்தான் தெரியும்.

டெபியனை அடித்தளமாக வைத்து 2004 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு இந்தக் கேள்வியையே எடுத்துவிட்டது: ஒரு சிடி, அதில் ஒரே டெஸ்க்டாப், க்னோம். கேடிஇ விரும்பிகள் விடவில்லை. 2005 ஏப்ரலில் அவர்களுக்கென்று குபுண்டு தனி சிடியாக வந்தது. இன்ஸ்டாலர் கேட்காமல் விட்டதை, எந்த சிடியை இறக்குவது என்று வேண்டியவர்கள் முன்னாலேயே முடிவு செய்துகொண்டார்கள்.