எந்த ஈயின் முட்டை?

ஆடோ மாடோ செத்துக் கிடந்தால் மோப்பம் பிடித்து முதலில் வந்து இறங்குபவை பளபளக்கும் பச்சை, நீல ஈக்கள். கண்ணோரம், மூக்குத்துளை, புண் என ஈரமும் மறைவும் உள்ள இடம் பார்த்து, நொய்யரிசியை அள்ளி வைத்ததுபோல் முட்டைகளைக் குவிக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர்.

இறந்த நேரத்தைக் கணிக்கும் தடயவியலாளருக்கு இந்தக் குவியல் பெரிய துணை. வெப்ப நாடுகளில் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் முட்டை பொரிந்துவிடும். புழு ஒன்றுகூட இல்லாமல் முட்டை மட்டுமே இருந்தால், ஈ வந்து அதிக நேரம் ஆகவில்லை. ஆனால் எத்தனை மணி நேரம் என்று சொல்ல, எந்த ஈ என்று தெரிந்தாக வேண்டும். வளரும் வேகம் இனத்துக்கு இனம் மாறும். காலக்கணக்குக்கு மிகவும் உதவும் இந்தப் பருவத்தில்தான் இனம் காண்பது மிகக் கடினம்.

வெறும் கண்ணுக்கு எல்லா முட்டையும் ஒன்றுதான். ஒரு சதவீதப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், ஓட்டின் மேல் நீளவாக்கில் ஓடும் பட்டை துலங்கும். முட்டை நனைந்தாலும் உள்ளே கரு மூச்சுவிட வழிசெய்வது இதுதான். இதன் அகலத்தையும், ஒரு முனையில் அது கவையாகப் பிரியும் விதத்தையும் வைத்துச் சில இனங்களைப் பிரித்தறியலாம். பிரிட்டனின் ஈ ஆய்வாளர் எர்சின்ச்லியோலு 1989இல் முட்டையோட்டின் அமைப்பும் அளவும் இனம் காண எவ்வளவு உதவும் என்று ஆராய்ந்து எழுதினார்.

புழுவின் பருவத்தை வால்முனையின் இரண்டு சுவாசத் தட்டுகள் சொல்லிவிடும்: முதல் பருவத்தில் தட்டுக்கு ஒரு பிளவு, அடுத்ததில் இரண்டு, கடைசியில் மூன்று. இனம்தான் எளிதில் பிடிபடாது. கருவாட்டிலும் முட்டையிடும் கிரைசோமியா மெகாசெஃபாலாவும், அதற்குப் பின்னால் வந்து அதன் புழுக்களையே தின்னும் கிரைசோமியா ரூஃபிஃபேசிஸும் ஆகிய இரு ஈக்களின் புழுக்கள் பிறந்தவுடன் ஒன்றுபோலவே வழவழப்பாக இருக்கும். பின்னதன் உடலில் சதை முட்கள் எழும்புவது இரண்டாம் பருவத்தில்தான். சதை ஈ என்னும் வேறொரு குடும்பம் முட்டையே இடாமல் நேராகப் புழுவை ஈனுகிறது. அதைப் பொரிந்த புழு என்று கொண்டால் கணக்கில் பல மணி நேரம் பிசகும்.

அதனால் சேகரித்ததில் ஒரு பங்கைச் சுடுநீரில் முக்கி எடுத்து ஆல்கஹாலில் பாதுகாப்பார்கள். உயிரோடு ஆல்கஹாலில் போட்டால் புழு சுருங்கிக் கறுத்துவிடும். மறு பங்கை ஈரல் துண்டில் விட்டு, ஈயாகும்வரை வளர்ப்பார்கள். டிஎன்ஏ சோதனை வந்த பிறகும் இந்த வளர்ப்பைக் கைவிடக் கூடாது. சிறகு விரித்த ஈயைப் பார்த்து இனம் சொல்வதுபோல் இரண்டு மில்லிமீட்டர் புழுவைப் பார்த்துச் சொல்ல முடிவதில்லை.