சேமக்காலையில் ஒரு காலைப் பொழுது

கண்டி மாநகருக்கு வரும் உல்லாசப் பிரயாணிகள் காணத் தவறாதவை மூன்று. தலதா மாளிகை ஒன்று. அதன் முன்னே விரிந்து கிடக்கும் வாவி மற்றொன்று. பேராதனைப் பூந்தோட்டம் மூன்றாவது. இம்மூன்றையும் பார்த்த பின் கண்டியைக் கண்டுவிட்டோம் என்ற நிறைவோடு அவர்கள் திரும்பி விடுகின்றனர். ஆயினும் தலதா மாளிகையின் பின்புறமாக, தேசிய நூதனசாலையை அடுத்து மேலேறும் சிறு பாதையொன்று உண்டு. சிறிது நேரம் மூச்சு வாங்க ஏறினால் அது நம்மை ஒரு சேமக்காலையின் வாயிலிலே கொண்டுபோய் விடும். பிரித்தானியப் படையினரின் சேமக்காலை என்பது அதன் பெயர். அண்மைக் காலத்தில் வெளிநாட்டார் பலர் வழி விசாரித்துக் கொண்டு வந்து பார்க்கும் இடமாக அது ஆகியிருக்கின்றது.

இடுகாட்டைப் போய்ப் பார்ப்பதும் ஒரு சுற்றுலாவோ என்று முகஞ் சுளிப்பவர் நம்மிடையே உளர். மயானம் என்பது நமக்குப் போய்வந்தால் தலை முழுகவேண்டிய இடமேயன்றிப் பொழுது போக்குவதற்குரிய இடமன்று. நானும் அத்தகைய தயக்கத்துடனேயே ஒரு காலைப் பொழுதில் அப்பாதையில் ஏறினேன். இறங்கி வரும்போது அந்தத் தயக்கம் என்னிடம் இருக்கவில்லை. வேறொரு கேள்வி இருந்தது. அக்கேள்வியை வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பசும்புல் படர்ந்த மலைச்சரிவு. ஓங்கி வளர்ந்த மரங்கள். அவற்றினிடையே பாசி படிந்த கற்கள். கீழே நகரத்தின் இரைச்சல் இருக்க, இங்கே பறவைகளின் ஒலி மட்டுமே கேட்கின்றது. மொத்தம் 195 கல்லறைகள் உள்ளன. கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது 1815 ஆம் ஆண்டில். இரண்டு ஆண்டுகள் கழிந்து, 1817 இல், இச்சேமக்காலை தோன்றியது. அவ்வாண்டு தொடங்கி மறு ஆண்டு வரை நீடித்த ஊவாக் கிளர்ச்சியை அடக்க வந்த படையினரில், துப்பாக்கிக் குண்டுக்கும் அம்புக்கும் இரையானவரிலும் காய்ச்சலுக்கு இரையானவரே மிகுதி. நகர எல்லைக்குள் பிரேதங்களை அடக்கஞ் செய்தலாகாது என்ற தடை பிறந்தபோது, 1873 இல், இது மூடப்பட்டது. முன்னரே இங்கு உறங்குவோரின் உறவினருக்கு மட்டும் விதிவிலக்கு இருந்தது. அவ்வாறு நிகழ்ந்த கடைசி அடக்கம் 1951 இல்.

வாயிலைக் கடந்ததும் நம் கண்ணை ஈர்ப்பது உச்சி முறிந்த கிரேக்கத் தூண் ஒன்று. அது காலத்தால் முறிந்ததன்று. முறிந்ததாகவே செதுக்கி நிறுத்தப்பட்டது. இடையிலே அறுந்துபோன வாழ்வுக்கு அது குறியீடு. அதன் கீழே கிடப்பவர் சேர் ஜோன் டொயிலி. 1801 இல் இலங்கைக்கு வந்த இவர், சிங்கள மொழியைக் கரதொட்ட தேரரிடம் முறையாகக் கற்றுத் தேர்ந்தார். மொழியறிவு இவருக்குப் புலமை இன்பமாகவும் இருந்தது; அரசியற் கருவியாகவும் இருந்தது. கண்டிப் பிரதானிகளுடன் ஓலைகள் பரிமாறி, ஒற்றர்களை ஏவி, உள்ளிருந்தே அரண்மனையின் அத்திவாரத்தைத் தளர்த்தியவர் இவரே. 1815 மார்ச் 2 ஆம் நாள் நிறைவேறிய கண்டி ஒப்பந்தமும் இவர் கைப்பட உருவானதே. அதன் பின் கண்டியில் ஆங்கில அரசின் முதல் றெசிடென்ற் ஆக அமர்ந்தார். 1824 மே மாதத்தில், ஐம்பது வயது நிரம்பு முன்பே, காய்ச்சல் கண்டு இறந்தார்.

அத்தூணின் முன் நிற்கும்போது வேறொரு கல்லறை நினைவுக்கு வருகின்றது. டொயிலியின் சூழ்ச்சியால் அரியணை இழந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், நாயக்கர் மரபில் வந்த கடைசி மன்னன், 1816 இல் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டான். கண்டி வாவியை வெட்டுவித்தவன் அவனே. பதினாறு ஆண்டுகள் வேலூரிற் சிறையிருந்து 1832 இல் அவன் மாண்டான். பாலாற்றங் கரையில் அவன் அடக்கமான இடத்தில் 1990 ஆம் ஆண்டு முத்து மண்டபம் எழுப்பப்பட்டது. வென்றவன் தான் வென்ற மண்ணிலே கிடக்கிறான். தோற்றவனோ தான் ஆண்ட மண்ணுக்குக் கடல் கடந்து கிடக்கிறான். இருவருக்கும் இன்று கல் உண்டு. காண வருவோரும் உண்டு.

இனி, மற்றக் கற்களைப் படிப்போம். ஒவ்வொன்றும் ஒரு சிறுகதை. ஜேம்ஸ் மக்ளாஷன் என்ற படைத்தலைவர் ஸ்பெயின் தேசத்துப் போர்க்களங்களிலும் வோட்டர்லூவிலும் பொருது உயிர் தப்பியவர். நெப்போலியனின் பீரங்கிகளுக்குத் தப்பிய அவர், திருகோணமலையிலிருந்து கண்டிக்குக் கால்நடையாக வந்தார். சதுப்பு நிலங்களிலே இறங்கி நடந்து, நனைந்த உடையோடு உறங்கி, கடுங் காய்ச்சல் கண்டு 1817 இல் இறந்தார். வயது 26. ஜோன் ஸ்பொட்டிஸ்வூட் றொபேட்சன் என்பவர் 1856 இல் காட்டு யானையால் கொல்லப்பட்டார். இலங்கையில் அவ்வாறு யானைக்குப் பலியான ஐரோப்பியருள் ஏழாமவரும் கடைசியானவரும் இவரே என்று பதிவு செய்திருக்கின்றனர். டேவிட் பின்ட்லே என்பவர்மீது 1861 இல் அவர் குடியிருந்த வீடே இடிந்து விழுந்தது. மக்கில் என்பவர் வெயிலின் கொடுமை தாங்காது 1873 இல் இறந்தார்.

இக்கதைகளைக் கேட்டுப் பிரயாணிகள் வியப்பர். சிலர் புன்னகையும் பூப்பர். யானையும் இடிந்த வீடும் சொல்லி மகிழ்வதற்கு ஏற்ற கதைகள் அல்லவா? ஆனால் யானையால் இறந்தவர் ஒருவர். காய்ச்சலாலும் பேதியாலும் இறந்தவரோ எண்ணிறந்தோர். கற்களில் உள்ள வயதுகளை மட்டும் வாசித்துக்கொண்டே நடந்து பாருங்கள்: இருபது, இருபத்தைந்து, முப்பது. இடையிடையே மாதக் கணக்கில் வயது பொறித்த சிறு கற்கள். அங்கே புன்னகை நின்றுவிடுகிறது. தம் குழந்தையை அந்நிய மலையொன்றிற் புதைத்துவிட்டுப் போன தாயின் துயருக்கு ஆள்வோர், ஆளப்படுவோர் என்ற பேதம் ஏது?

அக்காய்ச்சல் எங்கிருந்து வருகின்றது என்பதை அவர்களுள் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. சதுப்பு நிலத்தின் தீய காற்றே காரணம் என்று எண்ணியிருந்தனர். நுளம்பே அதனைப் பரப்புகின்றது என்பதை றொனால்ட் றொஸ் இந்தியாவிலே ஆராய்ந்து கண்டது 1897 இல். அப்போது இச்சேமக்காலை மூடப்பட்டு இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்துவிட்டன. இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது 2016 செப்டெம்பரில். அச்சான்றின் பெறுமதியை உணர விரும்புவோர் இம்மலைச்சரிவில் ஒரு மணி நேரம் நடந்தாற் போதும்.

கற்கள் தாமே பேசுவதில்லை. அவற்றைப் பேச வைப்பவர் வேண்டும். பென்றி லூயிஸ் என்ற அரச உத்தியோகத்தர் இலங்கையிலுள்ள கல்லறைச் சாசனங்களை ஊர் ஊராகத் திரட்டி, இறந்தோர் வரலாற்றுக் குறிப்புகளோடு 1913 இல் பெரு நூலாக வெளியிட்டார். இன்று நாம் இக்கதைகளைச் சொல்லக் கூடியதாக இருப்பது பெரும்பாலும் அவர் உழைப்பின் பயன். பின்னர் நெடுங்காலம் புதர் மண்டிக் கிடந்த இடத்தை, 1990களின் இறுதியில் ஆர்வலர் சிலர் ஒரு சங்கமாகக் கூடிச் செப்பனிட்டனர். ஆக, ஒருவன் நினைக்கப்படுவதற்கு மூன்று வேண்டியிருக்கின்றன: கல் நாட்டும் உறவினர், எழுதி வைக்கும் அறிஞர், புல் வெட்டும் கைகள். இம்மூன்றும் இந்த 195 பேருக்கும் வாய்த்தன.

எவருக்கு வாய்க்கவில்லை? இதுவே நான் மலையிறங்கும்போது என்னோடு கூட வந்த கேள்வி.

இங்கே உறங்குவோரிற் பலர் கோப்பித் தோட்டங்களோடு தொடர்புடையவர். 1820களிலே கம்பளைக்கு அண்மையிலும் பேராதனைப் பக்கத்திலும் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கை, அடுத்த இருபது ஆண்டுகளில் கண்டிச் சீமையின் காடுகளையெல்லாம் விழுங்கியது. காடழிக்கவும் கன்று நடவும் பழம் பறிக்கவும் தென்னிந்தியாவிலிருந்து தமிழர் ஆயிரக்கணக்கில் வந்தனர். தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று ஏறத்தாழ 150 மைல் நடந்தனர். மக்ளாஷன் நடந்த வழி வேறு. ஆனால் காடு ஒன்றே, காய்ச்சல் ஒன்றே. படைத்தலைவர் ஒருவர் நடந்து இறந்தது கல்லிலே நிற்கின்றது. வடபாதையில் வீழ்ந்தவர்களோ வீழ்ந்த இடத்திலேயே விடப்பட்டனர். 1840களில் மாத்திரம் 70,000 பேர் வரை மாண்டனர் என்று 1849 இல் கொழும்புப் பத்திரிகையொன்று மதிப்பிட்டது. அத்தொகை மிகையானதா, சரியானதா என ஆராய்ச்சியாளர் வாதிட்டு வருகின்றனர். வாதம் நிகழ்வதே, எண்ணி வைப்பார் அன்று இருக்கவில்லை என்பதற்குச் சான்று. இங்கே ஒரு யானைக்கு ஏழு பேர் என்று கணக்கு உண்டு. அங்கே பத்தாயிரமா எழுபதாயிரமா என்பதற்கே கணக்கில்லை.

இதே கண்டியில், மகியாவைச் சேமக்காலையில், ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை இருக்கின்றது. 1867 இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையை முதன் முதல் வர்த்தகப் பயிராக்கியவர் அவர். 1892 இல் அவர் இறந்தபோது தோட்டத் தொழிலாளர் இருபத்துநால்வர், பன்னிருவர் பன்னிருவராக முறை மாற்றி, அவர் உடலை மலையிலிருந்து கண்டி வரை தோளிற் சுமந்து வந்தனர் என்று சொல்லப்படுகின்றது. டெய்லரின் கல்லை நாம் சென்று காணலாம். சுமந்த தோள்கள் எங்கே மண்ணாயின என்று கேட்டால் காட்டுவதற்குக் கல் இல்லை. தேயிலைச் செடிகள் இருக்கின்றன.

இஃது ஏன் நம் நெஞ்சை உறுத்த வேண்டும்? கல் நாட்டுவது ஆங்கிலேயரின் வழக்கம், நம் வழக்கமன்று என்று சொல்லித் தப்பிவிட முடியாது என்பதனால்தான். போரிலே பட்ட வீரனுக்குக் கல்லெடுக்கும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறு துறையாக வகுத்து இலக்கணம் செய்தது தொல்காப்பியம். ஒரு பெண்ணுக்குக் கல்லெடுக்க இமயம் வரை சென்ற சேரனைப் பாடியது சிலப்பதிகாரம். வீரரின் பெயரும் புகழும் பொறித்து மயிற்பீலி சூட்டிய கற்கள் வழிகள்தோறும் நின்றன என்பதைச் சங்கச் செய்யுள்களிலிருந்து அறிகின்றோம். அத்தகைய மரபினர் நடந்த வடபாதையிலே ஒரு கல்லும் நிற்கவில்லை. காட்டோடு பொருது வீழ்ந்தவன் களத்தில் வீழ்ந்தவனுக்கு எவ்வகையிற் குறைந்தவன்?

கல் இல்லாத இடத்தில் சொல் வந்து நின்றதும் உண்டு. மலைநாட்டுக் கவிஞர் ஸீ. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் இயற்றிய நெடுங்கவிதை, தேயிலைக்கு அடியிலே நினைவுச் சின்னமின்றிப் புதைந்து கிடக்கும் முன்னோரை எண்ணி இரங்குவது. சக்தி பால ஐயா அதனைத் தமிழாக்கி ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தந்தார். கம்பளைக்கு அண்மையில், பழைய லயக் காம்பராக்களிலேயே, தோட்டத் தொழிலாளர் நூதனசாலை ஒன்று 2007 இல் அமைந்தது. மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைந்து, 2023 ஜூலை 28 ஆம் நாள் தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு, முன்னோர் நடந்த பாதையிலே நடந்து, ஓகஸ்ட் 12 ஆம் நாள் மாத்தளையை அடைந்தனர் பலர். அந்நடையும் ஒருவகை நடுகல்லே.

கண்டிச் சேமக்காலையைக் காண வருவோரைக் குறை கூறுவது என் கருத்தன்று. அங்கே உறங்குவோர்மீது எனக்குக் காழ்ப்பும் இல்லை. மாறாக, நம் ஆசிரியர்கள் மாணவரை அங்கே அழைத்துச் செல்ல வேண்டும் என்றே விரும்புகின்றேன். வயதுகளை அவர்கள் குறித்துக்கொள்ளட்டும், காரணங்களை ஆராயட்டும், கல்லும் வரலாற்று ஆவணமே என்பதை உணரட்டும். பின்னர் வீடு திரும்பி ஒவ்வொருவரும் தத்தம் பாட்டனாரிடமோ பாட்டியிடமோ ஒரு கேள்வி கேட்கட்டும்: நம் முன்னோர் எவ்வழியே நடந்து வந்தனர்? எங்கே அடக்கமாயினர்? அவர்கள் பெயர் என்ன? விடைகளை ஒரு கொப்பியிலே எழுதி வைக்கட்டும். அப்பெயர்களை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். கல்லை நாளையும் நாட்டலாம். பொறிப்பதற்குப் பெயர் வேண்டுமே!