ரெக்கவரி பார்ட்டிஷன்: காணாமற்போனது எது?

ஒரு காலத்தில் கணினி வாங்கினால் கூடவே விண்டோஸ் சிடியும் வரும். மடிக்கணினிகள் பெருகியபோது நிறுவனங்கள் அந்தச் சிடியை நிறுத்திவிட்டன. ஹார்ட் டிஸ்க்கிலேயே ஒரு பகுதியை மறைத்து, விண்டோஸின் முழு நகலையும் டிரைவர்களையும் அதற்குள் போட்டு அனுப்பத் தொடங்கின. கணினி தகராறு செய்தால், ஆன் செய்யும்போது ஒரு விசையை அழுத்தினால் போதும்: எச்பியில் எஃப்11, ஏசுஸில் எஃப்9, ஏசரில் ஆல்ட்டுடன் எஃப்10. வாங்கிய நாளில் இருந்த நிலைக்கு மடிக்கணினி திரும்பிவிடும். அந்த மறைவான பகுதிதான் ரெக்கவரி பார்ட்டிஷன். யாராவது புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்த பிறகோ, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்டிய பிறகோ அந்த விசை வேலை செய்யாமல் போவதுண்டு. உடனே, ரெக்கவரி அழிந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் மூன்று வேறு வேறு கோளாறுகள் இந்த ஒரே தோற்றத்தில் வருகின்றன. எது என்று பிரித்துப் பார்க்காமல் மீட்க இறங்குவதால்தான், மீட்கக்கூடியதும் பல நேரம் கைவிட்டுப் போகிறது.

பார்ட்டிஷன் என்றதும் டிஸ்க்குக்குள் ஏதோ தடுப்புச் சுவர் இருப்பதாகத் தோன்றும். அப்படி ஒன்றும் இல்லை. அது வெறும் பதிவு. 1983இல் வந்த டாஸ் 2.0 காலத்திலிருந்து பழைய முறை டிஸ்க்குகளில் இந்தப் பதிவு முதல் செக்டரில் இருக்கிறது. அந்தச் செக்டர் 512 பைட் கொண்டது. முதல் 446 பைட், கணினி எழும்போது ஓடும் சிறு நிரல். கடைசி 2 பைட் அடையாள முத்திரை. இடையில் இருக்கும் 64 பைட்தான் பார்ட்டிஷன் அட்டவணை. அதில் நான்கு பதிவுகள், ஒவ்வொன்றும் 16 பைட். ஒரு பகுதி எந்தச் செக்டரில் தொடங்குகிறது, எத்தனை செக்டர் நீளம், என்ன ரகம் என்பதெல்லாம் அந்த 16 பைட்டுக்குள் அடக்கம். ரகத்தைச் சொல்வது ஐந்தாவது பைட். அங்கே 07 என்றிருந்தால் விண்டோஸ் அதைச் சாதாரண டிரைவாகத் திறந்து காட்டும். 27 என்றிருந்தால் ரெக்கவரி என்று எடுத்துக்கொண்டு மறைத்துவிடும். உள்ளே இருக்கும் 15 ஜிபி கோப்பில் ஒரு புள்ளிகூட மாறியிருக்காது. பார்ட்டிஷனை நீக்குவதும் இதே கதைதான்: பெரும்பாலும் துடைக்கப்படுவது அந்த 16 பைட் மட்டுமே. பதிவேட்டில் சர்வே எண்ணை அடித்துவிட்டால் வயல் எங்கும் போய்விடுவதில்லை. அடுத்தவர் வந்து உழும்வரை பயிர் அப்படியே நிற்கும்.

இனி மூன்று கோளாறுகளையும் தனித்தனியே பார்க்கலாம். முதலாவது, பதிவும் இருக்கிறது, நகலும் இருக்கிறது. அவற்றுக்குப் போகும் வழி மட்டும் அறுந்திருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா கால ஏசர் மடிக்கணினிகள் இதற்கு நல்ல உதாரணம். அவற்றில் ஆல்ட், எஃப்10 விசைகளைக் கவனித்துக்கொண்டிருந்தது முதல் செக்டரின் 446 பைட்டில் நிறுவனம் எழுதி வைத்திருந்த தனி நிரல். விண்டோஸைப் புதிதாக நிறுவினால் அந்த இடத்தில் மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான நிரல் வந்து உட்கார்ந்துவிடும். பிக்யூசர்வீஸ் என்ற பெயருடைய ரெக்கவரி பார்ட்டிஷன் முழுசாக இருந்தும், அதை எழுப்ப ஆள் இருக்காது. இங்கே தேவைப்படுவது அந்தச் சிறு நிரலை மறுபடி எழுதுவது மட்டுமே. இரண்டாவது, பதிவு அழிந்து நகல் மட்டும் டிஸ்க்கில் கிடக்கிறது. மூன்றாவது, நகலே இல்லை: அந்த இடத்தில் வேறு தரவு எழுதப்பட்டிருக்கும், அல்லது புதிய எஸ்எஸ்டிக்கு மாற்றும்போது சி டிரைவை மட்டும் நகலெடுத்திருப்பார்கள்.

விண்டோஸ் விஸ்டாவுக்குப் பின் வந்த மடிக்கணினிகளில் இன்னொரு குழப்பம் சேர்ந்துகொண்டது. நிறுவனத்தின் தொழிற்சாலை நகல் பெரும்பாலும் 10 முதல் 20 ஜிபி வரை இருக்கும். மைக்ரோசாஃப்ட்டின் பழுதுநீக்கும் சூழலான விண்டோஸ் ஆர்ஈ சில நூறு எம்பி முதல் ஏறத்தாழ 1 ஜிபிக்குள் அடங்கிவிடும். இரண்டையும் ஒரே பெயரால்தான் அழைக்கிறோம். விண்டோஸ் எழ மறுக்கும்போது நீலத் திரையில் ஸ்டார்ட்அப் ரிப்பேர், சிஸ்டம் ரீஸ்டோர், கமாண்ட் பிராம்ப்ட் என்று பட்டியல் காட்டுவது விண்டோஸ் ஆர்ஈ. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பார்த்தால் இவை இருக்கின்றனவா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். டிரைவ் எழுத்து இல்லாததால் வேறெங்கும் தெரியாத பகுதிகளும் அங்கே தெரியும். அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ரீஏஜென்ட்-சி கட்டளையை இன்ஃபோ என்ற குறிப்போடு கொடுத்தால், ஆர்ஈ இயங்கும் நிலையில் இருக்கிறதா, எந்த டிஸ்க்கின் எத்தனையாவது பார்ட்டிஷனில் இருக்கிறது என்று விண்டோஸே சொல்லும். பார்ட்டிஷன் இருந்தும் டிசேபிள்ட் என்று வந்தால், கோளாறு முதல் ரகம். எனேபிள் குறிப்போடு அதே கட்டளையைக் கொடுத்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

இரண்டாவது ரகத்துக்குத்தான் மீட்பு என்ற பெயர் உண்மையில் பொருந்தும். பதிவு போனாலும், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறையில் அமைந்த ஒவ்வொரு பார்ட்டிஷனும் தன் முதல் செக்டரில் அந்த முறையின் பெயரையும் தன் நீளத்தையும் எழுதி வைத்திருக்கிறது. அதே செக்டரின் பிரதி ஒன்று பார்ட்டிஷனின் கடைசியிலும் உண்டு. டிஸ்க்கை வரிசையாக வாசித்து இந்தத் தடயங்களைத் தேடினால் தொடக்கமும் முடிவும் கிடைத்துவிடும். 16 பைட் பதிவை மறுபடி எழுதிவிடலாம். பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதி இலவசமாக வழங்கும் டெஸ்ட்டிஸ்க் இதைத்தான் செய்கிறது. தேடிக் கண்டதைப் பட்டியலிடும், உள்ளே உள்ள கோப்புகளைக் காட்டும். ரைட் என்று நாம் சொல்லும்வரை அட்டவணையைத் தொடாது. அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. கோப்புகள் திறக்கின்றனவா, பட்டியலில் ஒரு பார்ட்டிஷன் இன்னொன்றின் மேல் ஏறி நிற்கிறதா என்று பார்த்து, தேவையான கோப்புகளை வேறொரு டிஸ்க்குக்கு எடுத்துவைத்த பிறகே எழுத வேண்டும். ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் மீட்டுவிடும் மென்பொருள் இருக்கும்போது இவ்வளவு தயக்கம் ஏன் என்று கேட்கலாம். பத்து ஆண்டு ஓடிய டிஸ்க்கில் பழைய பார்ட்டிஷன்களின் தடயங்களும் கிடக்கும். எது நேற்று வரை இருந்தது, எது எப்போதோ நீக்கப்பட்டது என்பது மென்பொருளுக்குத் தெரியாது. தப்பான பதிவை எழுதினால், நன்றாக இருந்த சி டிரைவும் திறக்காமல் போகலாம்.

இந்த வழிக்கு எல்லைகளும் உண்டு. புதிய மடிக்கணினிகளில் இருக்கும் ஜிபிடி முறை, அட்டவணையை டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒன்று, கடைசியில் ஒன்று என இரண்டு பிரதிகளாக வைக்கிறது. வழக்கமாக 128 பதிவுகளுக்கு இடம் தருகிறது. தொடக்கப் பிரதி கெட்டுப்போனால் கடைசிப் பிரதியிலிருந்து சரிசெய்யலாம். ஆனால், யாராவது முறைப்படி பார்ட்டிஷனை நீக்கியிருந்தால் இரண்டு பிரதிகளும் சேர்ந்தே திருத்தப்பட்டிருக்கும்; பிரதி இருப்பதால் அங்கே பயனில்லை. எஸ்எஸ்டி இன்னும் கறார். ஒரு பகுதியை ஃபார்மட் செய்தால், இங்கே இனி எதுவும் தேவையில்லை என்று விண்டோஸ் டிரிம் கட்டளை அனுப்புகிறது. எஸ்எஸ்டி தன் வசதிப்படி அந்த இடத்தைத் துடைத்துவிடும். துடைத்ததை எந்த மென்பொருளும் திருப்பித் தராது. ஆகவே பார்ட்டிஷன் காணவில்லை என்று தெரிந்ததும் முதல் வேலை, அந்தக் கணினியில் புதிதாக எதையும் நிறுவாமல், எதையும் ஃபார்மட் செய்யாமல் நிறுத்துவது.

நகலே இல்லாத மூன்றாவது ரகத்தில் தேடிப் பயனில்லை. புதிதாகக் கட்ட வேண்டும். விண்டோஸ் ஆர்ஈ என்பது விம் வகைக் கோப்பு ஒன்றுதான். விண்டோஸ் அடைவுக்குள் இருக்கும் சிஸ்டம்32இன் ரெக்கவரி அடைவில் அது இருக்கக்கூடும். இல்லாவிட்டால் அதே பதிப்பின் நிறுவல் கோப்பிலிருந்து எடுத்து அங்கே வைக்கலாம். பிறகு சி டிரைவைச் சுமார் 1 ஜிபி சுருக்கி, அதையொட்டியே புதிய பார்ட்டிஷன் ஒன்றை அமைத்து, என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்து, டிஸ்க்பார்ட் கட்டளையில் ரெக்கவரி ரகத்துக்கான அடையாள எண்ணைக் கொடுத்து, ரீஏஜென்ட்-சியை எனேபிள் செய்தால் வேலை முடிந்தது. சி டிரைவுக்கு அடுத்தாற்போல் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பின்னால் இடம் போதாவிட்டால் சியிலிருந்து வாங்கிப் பெரிதாக்கலாம். 2024 ஜனவரியில் விண்டோஸ் 10க்கு வந்த கேபி 5034441 என்ற பாதுகாப்புப் புதுப்பிப்பு இதை உலகம் முழுக்க உணர்த்தியது. டிஸ்க்கைப் பூட்டிக் காக்கும் பிட்லாக்கரை ஆர்ஈ வழியாகத் தாண்டிவிடும் ஓட்டையை அடைக்க வந்தது அது. ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இடம் இல்லாத கணினிகளில் 80070643 என்ற பிழை எண்ணோடு நின்றுபோனது. பார்ட்டிஷனைக் கையால் பெரிதாக்கிக்கொள்ளும் வழியை மைக்ரோசாஃப்ட் வெளியிட வேண்டிவந்தது.

இவ்வளவு பாடு எதற்கு, பென் டிரைவில் விண்டோஸை இறக்கிப் புதிதாகப் போட்டுவிட்டால் ஆயிற்று என்பார் சிலர். பாதி நியாயம்தான். விண்டோஸ் 8 முதல், விண்டோஸோடு விற்கப்படும் மடிக்கணினிகளின் ஃபர்ம்வேரிலேயே உரிம எண் பதிந்து வருகிறது; அதே பதிப்பைப் போட்டால் எண்ணைக் கேட்பதில்லை. ஆனால் புதிதாகப் போடுவது ஒரு கடைசி மருந்து. பூட் பதிவு கெட்டதற்கோ, ஒரு டிரைவர் மக்கர் செய்ததற்கோ சி டிரைவையே காலி செய்ய வேண்டியதில்லை. அந்தச் சிறு பழுதுகளை அதே இடத்தில் தீர்ப்பதற்குத்தான் ஆர்ஈ. 512 ஜிபி டிஸ்க்கில் அது கேட்கும் 1 ஜிபியை மிச்சம் பிடிப்பது லாபமே இல்லை. தொழிற்சாலை நகலின் கணக்கு வேறு. விண்டோஸ் 7 காலக் கணினிக்கு அது ஒருவேளை ஒரே வழியாக இருக்கலாம். விண்டோஸ் 10, 11 கணினிக்கோ அது வாங்கிய ஆண்டின் பழைய விண்டோஸும் அன்றைய விளம்பர மென்பொருள்களும்தான். எச்பி, டெல், லெனோவோ ஆகியவை தங்கள் பல மாடல்களுக்கு அந்த நகலை இணையத்திலிருந்து பென் டிரைவுக்கு இறக்கித் தரும் கருவிகளையே வழங்குகின்றன. அதற்காக டிஸ்க்கின் அட்டவணையில் கைவைப்பது தேவையற்ற ஆபத்து.

எல்லாவற்றுக்கும் மேலே ஓர் எல்லை உண்டு: ரெக்கவரி பார்ட்டிஷன், அது காப்பாற்ற வேண்டிய விண்டோஸ் இருக்கும் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. டிஸ்க் செத்தால் இரண்டும் சேர்ந்தே சாகும். அது உங்கள் படங்களையும் கடிதங்களையும் ஒருநாளும் காத்ததில்லை. ஆகவே கணினி நன்றாக ஓடும்போதே மூன்று வேலைகளைச் செய்துவையுங்கள். காலியான 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றில், விண்டோஸிலேயே இருக்கும் ரெக்கவரி டிரைவ் வசதியால் மீட்பு டிரைவ் தயாரியுங்கள். அதில் முன்பு இருந்தவை அழியும். பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து, அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் கணினிக்கு வெளியே எழுதி வையுங்கள். உங்கள் கோப்புகளை வேறொரு டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள். இந்த மூன்றும் கையில் இருந்தால், ரெக்கவரி பார்ட்டிஷன் காணாமற்போனாலும் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை.